கேட்காமலே வந்து சேரும் புத்தகங்கள்

"உங்களுக்கென்ன ஸார், ஓசியிலேயே புத்தகம் வருது, கொடுத்து வச்சவர்" என்று சொல்லாத நண்பர்களே எனக்கு இல்லை. சிறுபத்திரிகைகளுக்கு அவ்வப்போது நூல் மதிப்புரை எழுதுகிறவன் என்பதால் வரும் பெருமை இது. ஆனால் அந்த ஓசியில் முக்கால்வாசி, நான் கேட்காமல் வருவது. அதிலும் பாதி எனக்குச் சம்பந்தமே இல்லாதது. இந்த வழக்கத்தைப் பற்றி ரொம்ப நாளாக ஒரு வருத்தம் உண்டு. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. ஒரு புத்தகம் கடைக்கு வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, மெய்ப்பு முழுசாகப் பார்த்து முடிக்காத நிலையில் கொஞ்சம் பிரதிகள் அடித்து, மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு அனுப்பி வைப்பார்கள். அட்டையிலேயே 'விற்பனைக்கு அல்ல' என்று போட்டிருக்கும். ஆங்கிலப் பதிப்பகங்கள் பலவற்றுக்குத் தில்லி, குருகிராம் பக்கம்தான் ஆபீஸ். அதனால் தில்லிவாசிகளுக்கு இந்த விநியோகம் கொஞ்சம் தாராளமாகவே நடக்கிறது.

ஒருமுறை உங்கள் விலாசம் அவர்கள் பட்டியலில் ஏறிவிட்டால் சாமானியத்தில் இறங்காது. எனக்கு வந்தவற்றில் சில: மூன்று பாகக் கதை ஒன்றின் மூன்றாம் பாகம் (முதல் இரண்டும் வரவே இல்லை). பங்குச்சந்தையில் கோடீஸ்வரர் ஆவது எப்படி. கைக்குழந்தைக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் (என் பையன் காலேஜ் முடித்துவிட்டான்). என் பெயரிலேயே இருக்கும் யாரோ ஒரு சரித்திரப் பேராசிரியருக்குப் போக வேண்டிய, முகலாயர் கால நாணயங்கள் பற்றிய தலையணை சைஸ் ஆராய்ச்சி. கூரியர்காரர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து அதைக் கொடுத்தபோது, "யே கிதாப் ஹை யா ஈண்ட்?" என்று கேட்டார். செங்கல்லா புத்தகமா என்று எனக்கும் சந்தேகம்தான். தங்கமணி பால்கனியில் இதற்கென்றே ஒரு அட்டைப்பெட்டி ஒதுக்கிவிட்டார்.

இது ஒன்றும் புதுக் கூத்து இல்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே மதிப்புரையாளரின் பாடு பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் வரும் ஆசாமிக்கு ஒரே கட்டாக ஐந்து புத்தகங்கள் வரும். பாலஸ்தீனம் பற்றி ஒன்று, பால்பண்ணை பற்றி ஒன்று, ஐரோப்பிய ஜனநாயக வரலாறு ஒன்று, ஆப்பிரிக்கப் பழங்குடி வழக்கங்கள் ஒன்று. கூடவே ஒரு நாவல், அதுவும் தவறிப்போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி. எண்பது வருஷம் ஆகியும் அந்தக் கட்டைக் கட்டுகிறவர்கள் மாறவில்லை!

சிரிப்பு போகட்டும். கேட்காமல் வந்த புத்தகத்துக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? ஒன்றுமில்லை என்பதே என் கட்சி. புத்தகம் வந்த பத்தாம் நாளே "படிச்சாச்சா, எப்போ எழுதறீங்க?" என்று மெயில் வரும். வாங்கிக்கொண்டோமே என்ற கூச்சத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதிவிடுகிறவர்கள் நிறைய. இந்தக் கூச்சம் அரசாங்கத்துக்கே தெரிந்த விஷயம்தான். இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 2009-ல் விதி வந்தது. நம் ஊரில் விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு 2021-லும், நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் இதே மாதிரி வழிகாட்டுதல்கள் கொடுத்தன. ஓசிப் பிரதி என்றால் ஓசிப் பிரதி என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவதில் கௌரவம் ஒன்றும் குறையாது.

கடன் இல்லையே தவிர, முறை என்று ஒன்று உண்டு. முன்பிரதியிலிருந்து வரிகளை எடுத்துப் போட்டுத் திட்டக்கூடாது. அச்சான புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மேற்கோள் காட்ட வேண்டும். முதல் ஹாரி பாட்டர் புத்தகத்துக்கு 1997-ல் அடித்த 200 முன்பிரதிகளில், ஆசிரியர் பெயரே 'ஜே.ஏ. ரௌலிங்' என்று தப்பாக அச்சாகியிருந்தது. ஆசிரியர் பெயருக்கே அந்தக் கதி என்றால் உள்ளே இருக்கிற கமா, புள்ளியைச் சொல்ல வேண்டுமா?

இன்னொன்று, அதை விற்கக்கூடாது. தில்லியின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019-ல் தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து மஹிளா ஹாட்டுக்கு இடம் மாறியது. அங்கே 'விற்பனைக்கு அல்ல' முத்திரையோடு விற்பனைக்கு இருக்கும் புத்தகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிய கம்பெனிப் புத்தகம் என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். ஒருநாள் அந்தக் குவியலில் ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்பு கிடைத்தது. முதல் பக்கத்தில் 'தங்கள் மேலான கருத்தை எதிர்பார்த்து' என்று எழுதிக் கையெழுத்து. உள்ளே இரண்டு தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. முப்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

என் வருத்தத்துக்குக் காரணம் அந்த மாதிரிப் புத்தகம்தான். தமிழில் 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்பது காலங்காலமாகப் பத்திரிகைகள் போடுகிற அறிவிப்பு. இரண்டு அனுப்பினாலும் பல சமயம் 'வரப்பெற்றோம்' பட்டியலில் ஒரு வரி வந்தால் அதிர்ஷ்டம். ஒரு காலத்தில் 1,000, 1,200 என்று அடித்த இடத்தில் இப்போது 300, 200, ஏன், நூறே பிரதிகூட அடிக்கிறார்கள். பல பேர் சொந்தக் காசில். 300-ல் 40 பிரதியைத் தெரிந்தவர், தெரியாதவர் விலாசத்துக்கெல்லாம் அனுப்பினால் கைக்காசு என்னத்துக்கு ஆகும்? தபால் செலவு வேறு. புத்தகங்களுக்கென்று இருந்த மலிவான பதிவுத்தபால் 2024 டிசம்பரில் நின்றது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' ஆரம்பித்தார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கொஞ்சம் ஆறுதல். ஆனால் தப்பான கதவைத் தட்டுகிற புத்தகத்துக்கு 20 ரூபாயும் தண்டம்தானே.

அதனால் பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றே ஒன்று: கேட்டுவிட்டு அனுப்புங்கள். என்ன மொழி, என்ன விஷயம், எத்தனை பக்கம் என்று இரண்டு வரி எழுதி, வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்று சொன்னவன் பாதியாவது படிப்பான். பேசாமல் இருப்பவனுக்கு அனுப்பாதீர்கள்.

அப்படி மிச்சமாகும் பிரதிகள் எங்கே போகலாம்? எங்களிடம் வரலாம். தில்லியில் ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. வீட்டில் தமிழ் பேசி, தெருவில் ஹிந்தி பேசி, இங்கிலீஷில் பாடம் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பத்து வயசுப் பெண்ணுக்குப் பெரிய எழுத்தில் ஒரு கதைப்புத்தகம் தேடி அவள் அப்பா அம்மா அலைகிறார்கள். எந்தப் பதிப்பகத்தின் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. நான் கேட்காத மூன்றாம் பாகம் மட்டும் என் வீட்டுக்கு வருகிறது.

1954-ல் வந்த ஒரு சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். தமிழ்ப் புத்தகம் தில்லிக்கு வர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது! அதோடு இன்னும் ஒரு பிரதி, படிக்க ஆள் இருக்கும் இடத்துக்கு வந்தால் போதும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. புனே, அகமதாபாத், போபால் என்று எங்கே சங்கம் இருந்தாலும் ஒரு தாளில் எழுதுங்கள்: எங்களிடம் எத்தனை பிள்ளைகள், என்ன வயசு, எந்த அளவுக்குத் தமிழ் படிப்பார்கள், பெரியவர்களுக்கு என்ன பிடிக்கும், புத்தகத்தை யார் பெயருக்கு அனுப்புவது. அதை நாலு பதிப்பாளர்களுக்கு அனுப்புங்கள். வந்த புத்தகத்துக்குப் பதிலாக, படித்த பிள்ளையை விட்டே நாலு வரிக் கடிதம் எழுதிப் போடச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். அந்தக் கவிஞர் எதிர்பார்த்த மேலான கருத்து, என்னைப் போன்றவர்களிடமிருந்து வருவதைவிட அந்தப் பிள்ளையிடமிருந்து வந்தால் அவருக்கு இன்னும் இனிக்கும்.

உங்கள் சங்க நூலகத்துக்குக் கடைசியாகப் புதுத் தமிழ்ப் புத்தகம் எப்போது வந்தது? இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுப் பாருங்களேன்.