முன்பணம் யார் பொறுப்பு?

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கலாம் என்று, வட்டிக்கு வாங்கிய பணத்தை முன்பணமாகக் கட்டுகிறார் ஒரு தொழிலாளி. கார் வரவில்லை. பணம் வாங்கிய விற்பனை ஊழியனையும் காணவில்லை. கம்பெனியைக் கேட்டால், “அவனை நீக்கிவிட்டோம், அவனிடமே கேளுங்கள்” என்கிறார்கள்!

இது நியாயந்தானா என்று கேட்கிறோம். முதலாளியின் கூடத்தில், முதலாளியின் மேசையில் உட்கார்ந்து அவன் பணம் வாங்கினான். வாங்குவதே அவனுக்கு இட்ட வேலை. தொழிலாளி நம்பியது அவனையல்ல, வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை! முதலாளிக்காக வேலை செய்கையில் முகவர் செய்யும் மோசடி, அவர் முடிக்கும் ஒப்பந்தத்தில் முதலாளியே செய்ததற்குச் சமம் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 238-வது பிரிவு. லாபம் வந்தால் முதலாளிக்கு, நட்டம் வந்தால் ஏழைக்கா?

திருடியவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நம்பிக்கை மோசடி செய்யும் ஊழியனுக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. உழைப்பவன் காசைத் தின்றவன் நம்மவன் அல்லன். ஆனால் அவன் சிறைக்குப் போவதால் பறிபோன பணம் வீடு திரும்பாது. அதைக் கம்பெனிதான் தரவேண்டும்.

தோழர்களே! தனியாள் கணக்கில் காசு போடாதீர்கள். கம்பெனி ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஏமாந்தவர் வீட்டில் முடங்க வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தின் படியேறுங்கள். துணைக்கு நாமும் வருவோம்!