கூட இருப்பவருக்கும் ஒரு கோப்பு வேண்டும்

இரவு பகலாகக் கூட இருப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் சிகிச்சையைத் தொடங்க முடியாது என்று நிபந்தனை விதிக்கிறார்கள். அந்த ஆளும் வந்துவிடுகிறார். மனைவியாக, தாயாக, தமக்கையாக, சில வேளைகளில் வேலையை விட்டுவிட்டு வந்த தந்தையாக. அதன்பின் நோயாளியின் வெப்பநிலையை நேரம் தவறாது குறித்துவைக்கும் வைத்தியசாலை, கூட இருப்பவர் உறங்கினாரா என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. குருத்துக் கல மாற்றுச் சிகிச்சை நடைபெறும் இடங்கள் பலவற்றின் நிலை இதுதான். இதனை அநீதி என்றே நான் சொல்வேன்.

தமிழகத்தார் ஸ்டெம் செல் மாற்று என்றும் எலும்பு மஜ்ஜை மாற்று என்றும் அழைக்கின்ற இச்சிகிச்சை, பலர் நினைப்பதுபோல அறுவைச் சிகிச்சை அன்று. கடும் மருந்துகளாலும் சில வேளை கதிர்வீச்சாலும் நோயாளியின் என்பு மச்சையை அழித்துவிட்டு, குருதி ஏற்றுவதைப் போலவே குருத்துக் கலங்களை நாளத்தின் வழியே ஏற்றுகிறார்கள். அவை வேரூன்ற ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். பிறர் வழங்கிய கலங்களென்றால் முதல் 100 நாட்களும் கண்டம்தான். அந்நாட்களில் பெரும்பகுதி வைத்தியசாலைக்கு அருகே எடுத்த வாடகை அறையில் கழிகிறது. அங்கே தாதியின் வேலை முழுவதும் உறவினரின் தலையில் விழுகிறது. கொடையாளரின் கலங்கள் நோயாளியின் உடலையே தாக்காதிருப்பதற்கான மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுக்கவேண்டும். நெஞ்சில் பொருத்திய குழாயைத் துப்புரவாக வைத்திருக்கவேண்டும். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் நடு இரவானாலும் வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். பிசகினால் உயிர் போகலாம் என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தாதியருக்காவது முறை மாறும். இவருக்கு முறை மாற்ற ஆளில்லை.

இந்தப் பாரம் 100 நாட்களோடு இறங்கிவிடுகிறதா? 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இச்சிகிச்சையில் பிழைத்த 177 பேரையும் அவர்களின் வாழ்க்கைத் துணைவரையும் ஆராய்ந்தது. சிகிச்சை முடிந்து சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பிழைத்தவர்களைப் போலவே துணைவர்களிடமும் மனச்சோர்வு மற்றையோரைவிட மிகுந்திருந்தது. தனிமையுணர்வும் துணைவர்களை வாட்டியது. ஆயினும் மனநலச் சிகிச்சை பெற்றவர்கள் துணைவர்களிடையேதான் குறைவு.

நம்மவரிடையே இந்த மௌனத்துக்கு அழகான பெயர் ஒன்று உண்டு: தியாகம். ‘பெத்த தாய், அவதானே பார்க்க வேணும்’ என்கிறார்கள். ‘நீ அழுதால் அவர் உடைஞ்சு போவார்’ என்று தேறுதல் சொல்கிறார்கள். உளவளத்துணையாளரிடம் போகலாமே என்றால், ‘அவளுக்கென்ன விசரா?’ என்று சீறுகிறார்கள். பத்திரிகைக் காரியாலயங்களில் நான் பணியாற்றிய காலத்தில் மருத்துவ உதவி கோரும் விளம்பரங்கள் வந்தவண்ணம் இருக்கும். நோயாளியின் படம், நோயின் பெயர், தேவைப்படும் தொகை எல்லாம் இருக்கும். பராமரிப்பவரின் பெயர் கடைசி வரியில், வங்கிக் கணக்கு இலக்கத்துக்குப் பக்கத்தில் மட்டும் வரும். நம் சமூகம் அவருக்குக் கொடுத்திருக்கும் இடமும் அவ்வளவுதான்.

கட்டிலுக்கே தட்டுப்பாடு, மருந்துக்கே பணமில்லை, இதில் கூட வந்தவரின் மனதை யார் பார்ப்பது என்று நிர்வாகிகள் கேட்கலாம். பதில் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 148 பராமரிப்பாளர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2015இல் வெளிவந்தது. எட்டு அமர்வுகளில் உளவளத்துணை பெற்றவர்களின் மன அழுத்தம் மூன்று மாதங்களின் பின் குறைந்திருந்தது. பொஸ்டனில் 100 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட பரிசோதனையில் ஆறே அமர்வுகள், தொலைபேசியிலும் பேசலாம். மனச்சோர்வும் பதற்றமும் தணிந்தன. ஆறு உரையாடல்களுக்கு எந்த நாட்டிலும் கட்டில் தேவையில்லை. இலட்சக்கணக்கில் செலவிடும் சிகிச்சை, உறக்கமற்ற ஒருவர் வேளை தவறிக் கொடுக்கும் மாத்திரையால் வீணாகலாம் என்பதையும் நிர்வாகிகள் கணக்கில் எடுக்கட்டும்.

சட்டங்களும் இவரை அரைகுறையாகவே அறிந்திருக்கின்றன. அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரச் சம்பளமற்ற விடுமுறை. அதாவது 84 நாட்கள். உடன்பிறந்தாரைப் பார்ப்பவருக்குப் பொதுவாக அதுவும் இல்லை. பிரித்தானியாவில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் தருவது ஆண்டுக்கு ஒரு வாரம், அதுவும் சம்பளமின்றி. கனடாவில், கடும் நோயுற்ற வயதுவந்தவரைப் பராமரிப்போரில் தகுதியுள்ளவர்களுக்கு 15 வாரங்கள்வரை, வருமானத்தில் 55 வீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கிறது. அது 105 நாட்கள். 100 நாட்கள் என்றால் என்னவென்று அங்கே யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1986 முதல் இச்சிகிச்சை நடைபெறும் வேலூருக்கோ, சென்னைக்கோ இலங்கையிலிருந்து நோயாளியைக் கூட்டிச்செல்பவரை நினைத்துப் பாருங்கள். சொந்த ஊர் கடலுக்கு அப்பால். முறை மாற்ற வரக்கூடிய உறவும் அங்கேதான்.

உலகின் முதலாவது என்பு மச்சைக் கொடையாளர் பதிவேடு 1974இல் இலண்டனில் பிறந்தது. அதைத் தொடங்கியவர் வைத்தியர் அல்லர். மகன் அந்தோனிக்குப் பொருத்தமான கொடையாளரைத் தேடி அலைந்த தாய், ஷேர்லி நோலன். பொருத்தமானவர் கிடைக்காமலே அச்சிறுவன் 1979இல் இறந்தான். அந்தப் பதிவேட்டின் வழி ஆயிரக்கணக்கானோருக்குக் கொடையாளர் கிடைத்திருக்கிறார்கள். பராமரித்த ஒருத்திக்கு இத்துறை பட்டிருக்கும் கடன் அது.

நான் கேட்பது பெரிதல்ல. நோயாளிக்குக் கோப்புத் திறக்கும் நாளிலேயே கூட இருப்பவருக்கும் ஒன்று திறக்கவேண்டும். அவரின் மனநிலையை முதல் நாளிலும் 30ஆம் நாளிலும் 100ஆம் நாளிலும் கேட்டு எழுதவேண்டும். அவருடைய மொழி தெரிந்த உளவளத்துணையாளர் ஒருவர் ஆறு தடவை பேசவேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது முறை மாற்ற இன்னொருவரைப் பயிற்றவேண்டும். நோயாளி இறந்துவிட்டாலும் அந்தக் கோப்பை மூடக்கூடாது. ‘ஆளைக் கொண்டு வா’ என்று கட்டளையிடும் அதிகாரம் உள்ளவருக்கு, அந்த ஆளைக் காக்கும் கடமையும் உண்டு.