நாணயம் போன கடை

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம்; சொன்ன சொல்லைக் காக்கும் நேர்மையும் நாணயம். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வரையில்தான் வணிகம் வணிகமாக இருக்கும். பின்னதை விற்று முன்னதைத் திரட்டத் தொடங்கிய கடையின் வாசலில் எத்தனை விளக்குகள் எரிந்தாலும் அது மூடப்பட்ட கடையே.

அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமாகப் பல பத்தாண்டுகள் விளங்கிய சியர்ஸ், 2018ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் திவால் மனுத் தாக்கல் செய்தது. உடனே எங்கும் ஒரே தீர்ப்பு ஒலித்தது: 'இணைய வணிகம் வந்தது, பழைய கடை வீழ்ந்தது, காலத்தின் போக்கை யாரால் தடுக்க முடியும்?' கேட்பதற்கு இனிய தீர்ப்புத்தான். ஏனெனில், இதில் குற்றவாளி என்று எவருமே இல்லை. காலத்தின் மீது பழியைப் போட்டால், காலம் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை அல்லவா? இத்தீர்ப்பை நாம் ஏற்க மறுக்கிறோம்.

சியர்ஸ் பிறந்த விதத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1886இல் மினசோட்டா மாநிலத்தில் இரயில் நிலைய ஊழியராக இருந்த ரிச்சர்ட் சியர்ஸ், உள்ளூர் வணிகர் ஒருவர் ஏற்க மறுத்த பைக்கடிகாரப் பெட்டியொன்றைத் தாமே வாங்கி விற்றார். அந்தச் சிறு தொழில்தான் 1893இல் 'சியர்ஸ், ரோபக் அண்ட் கம்பெனி' ஆயிற்று. கடையே இல்லாத கடை அது. தடித்த விலைப்பட்டியல் நூல் ஒன்று அஞ்சலில் வீடு தேடி வரும். அதைப் பார்த்துப் பணம் அனுப்பினால் பொருள் வந்து சேரும். பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வரும். தையல் இயந்திரம் முதல் கலப்பை வரை அதில் இருந்தன. 1908 முதல் 1940 வரை, பலகையும் ஆணியும் வரைபடமுமாக முழு வீடுகளையே அனுப்பி வைத்தார்கள். அவ்வகையில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் விற்றன.

தென் மாநிலங்களில் கருப்பின மக்கள் கடை வாசலில் அவமதிக்கப்பட்ட காலம் அது. வெள்ளையர் அனைவருக்கும் விற்று முடிக்கும் வரை அவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த விலைப்பட்டியலோ ஆளின் நிறத்தைக் கேட்கவில்லை. அச்சிட்ட விலை எல்லோருக்கும் ஒரே விலை. முகம் காணாத மனிதரை நம்பிப் பணம் அனுப்பிய இலட்சக்கணக்கான ஏழை உழவர்களின் நம்பிக்கைதான் சியர்ஸின் முதற்பெரும் மூலதனம்.

இப்போது நாம் கேட்கிறோம்: வீட்டிலிருந்தே பொருளைத் தேர்ந்து, முன்பணம் அனுப்பி, வாசலில் பெற்றுக்கொள்ளும் வணிகத்தை இணையமா கண்டுபிடித்தது? அதை நூறாண்டுகள் நடத்திக் காட்டியது சியர்ஸ் அன்றோ? 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து 'பிராடிஜி' என்னும் கணினி வழிச் சேவையைத் தொடங்கியதும் அதுவே. 'டிஸ்கவர்' கடன் அட்டையை வெளியிட்டதும் அதுவே. கிடங்கு இருந்தது, முகவரிகள் இருந்தன, கணினி வலையும் கடன் அட்டையும் இருந்தன. இவ்வளவும் இருந்தும், 1993இல் அந்த விலைப்பட்டியல் வணிகத்தையே மூடினார்கள். அமேசான் தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டு. பகைவன் கோட்டையைத் தாக்கும் முன்பே உள்ளே இருந்தவர்கள் வாயிற்கதவைக் கழற்றி வைத்துவிட்டார்கள்!

அதற்கும் முன்னரே நாணயம் கரையத் தொடங்கியிருந்தது. 1981இல் பங்கு வணிக நிறுவனம் ஒன்றையும் வீட்டுமனைத் தரகு நிறுவனம் ஒன்றையும் விலைக்கு வாங்கி, கடைக்காரர்கள் நிதி வணிகர்களாக மாறினார்கள். 1992இல் கலிஃபோர்னிய மாநில அரசு ஒரு குற்றச்சாட்டை முன்வைத்தது: சியர்ஸின் கார் பழுதுபார்ப்பு நிலையங்கள், தேவையில்லாத பழுதுகளைக் காட்டி வாடிக்கையாளர்களிடம் பணம் பறிக்கின்றன என்று. இன்ன நாளில் இத்தனை பாகங்கள் விற்றாக வேண்டும் என்று தொழிலாளிக்கு இலக்கு வைத்து, விற்பனைக்கேற்பக் கூலி என்று ஆக்கியதன் விளைவு அது. பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்த கடை, பழுதில்லாத பாகத்தை மாற்றிப் பணம் வாங்கும் கடையாகிவிட்டது. அன்றே மணி அடித்துவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

இனி, இரு முதலாளிகளை அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

முதலாமவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். 1921இல் விவசாய விலைகள் சரிந்து சியர்ஸ் முழுகும் நிலைக்கு வந்தபோது, தம் சொந்தச் செல்வத்திலிருந்து சுமார் 2 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்துத் தாங்க முன்வந்தார். தமக்குரிய 50,000 பங்குகளை நிறுவனத்துக்கே திருப்பித் தந்தார். தென் மாநிலங்களில் கருப்பினக் குழந்தைகளுக்காகச் சுமார் 5,000 பள்ளிகள் எழத் துணை நின்றதும் அவர் செல்வமே.

இரண்டாமவர் எட்வர்ட் லாம்பர்ட் என்னும் முதலீட்டாளர். கேமார்ட் நிறுவனத்தைக் கைக்கொண்ட அவர், 2005இல் அதனோடு சியர்ஸை இணைத்தார். அதன்பின் வந்த ஆண்டுகளில் நிறுவனம் தன் சொந்தப் பங்குகளையே திரும்ப வாங்குவதற்குச் சுமார் 600 கோடி டாலர் செலவிட்டது. கடைகளைப் புதுப்பிக்கவோ, போட்டியாளர் செலவிட்டதில் ஒரு பங்கும் செலவிடவில்லை. 2015இல் 235 இடங்களை, அவரே தலைவராயிருந்த 'செரிட்டேஜ்' என்னும் மனை நிறுவனத்துக்கு விற்று, சொந்த வீட்டிலேயே சியர்ஸ் வாடகைக்குக் குடியிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் நம்பிய 'கிராஃப்ட்ஸ்மன்' கருவிப் பெயரும் 2017இல் விற்கப்பட்டது.

லாம்பர்ட்டும் நிறுவனத்துக்குப் பணம் தந்தாரே என்று வாதிடுவோர் உண்டு. தந்தார், மறுக்கவில்லை. ரோசன்வால்ட் தந்தது கொடை. இவர் தந்தது வட்டியும் ஈடும் உள்ள கடன். சொத்துகளைச் சூறையாடினார் என்று 2019இல் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர் தரப்பு அதை மறுத்தது. 2022இல் அவரும் பிறரும் சேர்ந்து 17.5 கோடி டாலர் தருவதாக வழக்கு சமரசத்தில் முடிந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். நாம் பேசுவது நாணயத்தைப் பற்றி.

'சொத்து உடையவன் தன் சொத்தை விற்பான். இதில் குறை காண நீங்கள் யார்?' என்றும் கேட்கப்படும். நம் கேள்வி எளியது: அந்தச் சொத்து யாருடையது? 1916இலேயே சியர்ஸ் தன் ஊழியர்களுக்கு இலாபத்தில் பங்கு தரும் திட்டத்தைத் தொடங்கியது. விற்பனைப் பெண்ணும் கிடங்குத் தொழிலாளியும் பங்குதாரர்களாகி முதுமையில் நிம்மதியாக ஓய்ந்த காலம் ஒன்று இருந்தது. முடிவில் நடந்தது என்ன? சுமார் 90,000 பேரின் ஓய்வூதியப் பொறுப்பை 2019இல் அரசு சார்ந்த காப்பீட்டு நிறுவனம் ஏற்க நேர்ந்தது. கடைகள் மூடி மக்கள் வேலையிழந்துகொண்டிருந்த 2018 டிசம்பரிலோ, உயர் அதிகாரிகளுக்குச் சுமார் 2.5 கோடி டாலர் ஊக்கத்தொகை வழங்க நீதிமன்றம் அனுமதி தந்தது. நாற்பதாண்டு உழைத்தவர் கதவுக்கு வெளியே. கணக்கை மூடியவர் கையில் பரிசு. இதற்குப் பெயர் காலத்தின் போக்கா?

சிகாகோ நகரில் 1973இல் கட்டி முடிக்கப்பட்ட சியர்ஸ் கோபுரத்தை நினைத்துப் பார்க்கிறோம். 110 மாடிகள், கால் நூற்றாண்டுக் காலம் உலகிலேயே உயரமான கட்டடம். அதன் அமைப்பை வகுத்தவர் டாக்காவில் பிறந்த பொறியியல் மேதை ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழல்களை ஒன்றோடொன்று பிணைத்து, ஒன்றின் வலிமை மற்றொன்றுக்கு உதவுமாறு அவர் அதை நிறுத்தினார். தனித்து நின்றால் காற்றில் ஆடக்கூடியவை, சேர்ந்து நின்றதால் அசையவில்லை.

அந்தக் கோபுரத்துக்குப் பெயர் தந்த நிறுவனமோ, லாம்பர்ட்டின் ஆட்சியில் 2008இல் முப்பதுக்கு மேற்பட்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் தன் இலாபத்தை மட்டுமே காட்ட வேண்டும். விளம்பரத்துக்கும் பணத்துக்கும் ஒன்றோடொன்று முட்டி மோத வேண்டும். பிணைத்துக் கட்டியது நின்றது. பிரித்து மோதவிட்டது விழுந்தது.

கோபுரம் இன்றும் நிற்கிறது. 2009 முதல் அதில் சியர்ஸ் என்னும் பெயர் இல்லை. ஆயிரக்கணக்கில் இருந்த கடைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குச் சுருங்கின. இதைக் காலத்தின் கணக்கில் எழுதி முடித்துவிடாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள். அவ்வாறு எழுதிவிட்டால், அடுத்த கடையை அழிக்க வருபவனும் காலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவான். நாமும் எழுந்து கதவைத் திறந்துவிடுவோம்.