ஓட்டலில் ஒரு குடும்பம்

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். சித்திரைத் திருவாதிரைக்கு மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஆலைகளோடு ஓட்டல்களும் பெருகின. ஆனால், வேலையாக வரும் அதிகாரிகளை நினைத்தே பல ஓட்டல்கள் கட்டப்பட்டன. ஓர் அறைக்கு இருவர்!

எட்டுப் பேர் கொண்ட குடும்பம் என்ன செய்யும்? மாடிக்கு ஓர் அறையாகப் பிரிந்து போகிறது. சிறு பையன் எங்கும் தூங்கிவிடுவான். பதினைந்து வயதுப் பெண் அப்படி அல்ல. மாமாவும் சித்தப்பாவும் இருக்கும் அறையில் அவள் உடை மாற்றக் கூசுவாள். தனி அறையில் விடத் தாய்க்கு மனம் வராது. "எங்காவது படுத்துக்கொள்" என்பது பதில் அல்ல.

வழி உண்டு. பாட்டிக்கும் பேத்திக்கும் ஓர் அறை. அடுத்த அறையில் பெற்றோர். முன்பதிவின்போதே எத்தனை பேர், என்ன வயது என்று சொல்ல வேண்டும். ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகளைக் கேட்க வேண்டும். கூடுதல் படுக்கைக்கு என்ன கட்டணம் என்பதை எழுத்தில் பெற வேண்டும். பெரியவர்கள் அடையாள அட்டையை மறக்கக்கூடாது. அந்தப் பெண்ணின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.

ஓட்டல்காரர்களுக்கும் கடமை உண்டு. மாடிக்கு இரண்டு அறைகளையாவது இடைக்கதவு வைத்துக் கட்டலாம். விடுமுறையில் அதிகாரிகள் ஊருக்குப் போனால் அறைகள் காலி. குடும்பங்கள் வந்தால் அவை நிறையும்.

வருமானமும் வரும், நல்ல பெயரும் வரும்.