தையற்காரர் முதுகும் கைமருத்துவமும்

தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டுக் கரிசல் நிலத்தினூடே ஒட்டப்பிடாரம் நோக்கிச் செல்வோர், புதியம்புத்தூரை அடைந்ததும் முதலில் கேட்பது தையற்பொறியின் ஓசையே ஆகும். உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிக் காடுகளின் நடுவே, ஆயத்த ஆடைத் தொழிலால் பெயர்பெற்று, ‘குட்டித் திருப்பூர்’ என்று அழைக்கப்படும் ஊர் இது. தீபாவளியோ, பொங்கலோ, ரமலான் பெருநாளோ, கிறிஸ்துமஸோ எதுவாயினும், அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே இங்கு இரவும் பகலாகிவிடுகிறது. புத்தாடையின் மடிப்புக் குலையாத அழகைக் கண்டு மகிழும் நாம், அதைத் தைத்தவரின் முதுகு எத்தனை மணி நேரம் மடிந்திருந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

‘இடுப்புப் பிடித்துக்கொண்டது’ என்னும் தொடர் இவ்வூர் வீடுகளில் சோறு குழம்பு போல நாளும் புழங்குவது. இவ்வூரில் மட்டுமா? 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தினர் என்றும், 2050-இல் இத்தொகை 84.3 கோடியாகும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன நோயால் வந்த வலி இது எனக் குறிப்பாகச் சுட்ட இயலாது. காரணம் புலப்படாத நோய்க்குக் கைகண்ட மருத்துவர் ஊரெல்லாம் தோன்றுவது இயல்பன்றோ! பிறக்கும்போது தலைக்கு முன் கால் வெளிவந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விலகும் என்பர். இரட்டைப் பிள்ளை பெற்றவள் எண்ணெயிட்டு வழித்தால் சுளுக்கு நீங்கும் என்பர். உலக்கையை உருட்டுவோரும் உண்டு. முடிதிருத்தகத்தில் கேளாமலே கழுத்தைத் திருப்பி ‘மளுக்’ என ஒலியெழுப்பி அனுப்புவோரும் உண்டு. அண்மைக் காலமாகக் கைப்பேசித் திரையில் இவ்வொலிக்கு ஓர் ஆங்கிலப் பெயரும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே கைரோபிராக்டிக்.

கிரேக்க மொழியில் ‘கை’யையும் ‘செயலை’யும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை இது. நேரே தமிழாக்கின் ‘கைவைத்தியம்’ என்றாகும். ஆயின் அச்சொல்லை நம் பாட்டிமார் கசாயத்திற்கும் பற்றுக்கும் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டனர். மருத்துவரைக் ‘கைராசிக்காரர்’ எனப் போற்றும் மொழி நம்முடையது. குணம் மருந்தில் பாதி, கையில் பாதி என்னும் நம்பிக்கை நம் சொற்களிலேயே ஊறிக் கிடக்கிறது. ஆகவே இம்முறை இங்கு எளிதில் வேரூன்றுவதில் வியப்பில்லை.

இதன் பிறப்பு வரலாறு சுவையானது. 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்து வந்த டி. டி. பாமர் என்பவர், ஹார்வி லில்லார்டு என்னும் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பில் புடைத்திருந்த ஓரிடத்தை அழுத்தினார். அதனால் அவருடைய செவிட்டுத்தன்மை நீங்கிற்று என்றும் அறிவித்தார். அதாவது, இன்று முதுகுவலிக்கென நாடப்படும் இம்முறை காதிலிருந்து தொடங்கிற்று! நோய்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்பு இடம் பிறழ்வதால் வருவன என்பது பாமரின் கோட்பாடு. அதனைப் பின்வந்த ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. உரிமமின்றி மருத்துவம் செய்ததற்காக 1906-இல் அவர் சிறை சென்றதும் உண்டு. முதுகெலும்பைக் கையால் சீராக்குவது அவருடைய புதுக் கண்டுபிடிப்பும் அன்று. பாரசீகப் பேரறிஞர் இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலில் அதைப் பேசுகிறார். நம் சித்த மருத்துவமோ தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எனத் தொடங்கித் ‘தொக்கணம்’ என்னும் பெயரால் ஒன்பது வகைக் கைத்தொழிலையே வகுத்து வைத்திருக்கிறது. 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருவதை நம் மாணவர் நன்கறிவர்.

இம்முறையால் பயனுண்டா என வினவின், உண்டு என்றே நாம் விடை கூறுவோம். ஆயின் அப்பயன் சிறிது. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. உடற்பயிற்சி, நோய் பற்றிய தெளிவூட்டல் ஆகியவற்றோடு, முதுகெலும்பைக் கையால் அசைக்கும் முறையும் பிடித்துவிடுதலும் துணையாகக் கொள்ளத்தக்கன என அது கூறுகிறது. அம்முறைக்குரிய சான்றுகளின் வலிமை குறைவு என்பதையும் அது மறைக்கவில்லை. இதே வழிகாட்டுதல், மருந்துக் கடைதோறும் தொங்கும் இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் முறையையும் பரிந்துரைக்கவில்லை என்பது பலர்க்கு வியப்பளிக்கலாம். ‘மளுக்’ ஒலியைப் பற்றியும் ஒரு சொல்: அது விலகிய எலும்பு தன் இடம் திரும்பும் ஒலியன்று. மூட்டினுள் உள்ள நீர்மத்தில் வாயுக் குமிழி தோன்றும்போது எழுவது. ஒலி கேட்டதும் வலி விட்டது என எண்ணுவோர்க்கு இது கசக்கத்தான் செய்யும்.

சிறு பயன்தானே, செய்துகொண்டால் என்ன என்று கேட்கலாம். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே கேட்டோம். இருபது ஆண்டுகட்கு முன், நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்த நாளில், புதியம்புத்தூரில் தையல் தொழில் செய்துவந்த நம் தாய்மாமனுக்கு முதுகில் வலி கண்டது. பொறியில் குனிந்தே இருப்பதால் வந்தது என வீட்டார் அனைவரும் முடிவு கட்டினர். காலால் பிறந்த ஒருவரிடம் மிதிபட அழைத்துச் சென்றவர் வேறெவரும் அல்லர். பட்டம் பெற்ற நாமே. மூன்று முறை மிதித்தார். மூன்றாம் முறைக்குப் பின் மாமாவால் நிமிர இயலவில்லை. “மருமவனே, இனி அந்த வாசலுக்கு என்னைக் கூட்டிட்டுப் போகாதே” என்றார். பின்னர்த் தூத்துக்குடியில் நாம் கண்ட மருத்துவர் முதுகைத் தொடவேயில்லை. “சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா? உடம்பு இளைத்திருக்கிறதா? இரவில் படுத்தாலும் வலி விடுவதில்லையா?” என மூன்று வினாக்களை எழுப்பினார். மூன்றுக்கும் ஆம் என்பதே விடை. படம் எடுத்துப் பார்த்ததில், முள்ளெலும்பைக் காசநோய் அரித்திருந்தது. ஓராண்டுக்கு மேல் மாத்திரை உண்டு மாமா குணமடைந்தார். சிறு கூன் மட்டும் நின்றுவிட்டது. அது நோயின் கூனா, மிதியின் கூனா என்பதை நாம் இன்றளவும் கேட்டறியத் துணியவில்லை.

எனவே நாம் வலியுறுத்துவது கையை வெறுக்க வேண்டும் என்பதன்று. கை படுமுன் வினா எழ வேண்டும் என்பதே. காய்ச்சலும் மெலிவும் சேர்ந்த வலி, விழுந்ததால் வந்த வலி, முதுமையில் எலும்பு நொய்ந்தோர் வலி, முன்னர்ப் புற்றுநோய் கண்டவர்க்கு வரும் வலி ஆகியன மிதிக்கோ முறுக்கலுக்கோ உரியன அல்ல. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடுக்கு மரத்தல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மறுநாள் என ஒத்திப்போடின் அவ்விழப்பு நிலைத்துவிடக்கூடும். கழுத்தைத் திருப்புவது இடுப்பைவிட அஞ்சத்தக்கது. அரிதாகவேனும் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கைரோபிராக்டிக் பயில்வோர்க்கு நான்காண்டு முழுநேரக் கல்வியும் 4,200 மணி நேரப் பயிற்சியும் வேண்டும் என 2005-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்தது. நம் நாட்டிலோ, அலோபதி மருத்துவர்க்கும் சித்த மருத்துவர்க்கும் உள்ளது போன்ற சட்டப் பதிவேடு இத்துறைக்கு இல்லை. பலகை எழுதி மாட்டுவோர் எத்தனை மணி நேரம் பயின்றார் என்பதை யார் கேட்பது?

இனி, தையற்காரரின் வலிக்கு வருவோம். இத்தாலிய மருத்துவர் ரமாசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலில், திருநாள் ஊர்வலத்தில் செருப்புத் தைப்போரும் துணி தைப்போரும் கூன்விழுந்து சாய்ந்து நடப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். நோயாளியைக் காணும் மருத்துவர், ‘நீ செய்யும் தொழில் யாது?’ என்றும் வினவ வேண்டும் என்று சொன்னவர் அவரே. நோயின் முதலைத் தேடச் சொன்ன வள்ளுவர்க்கு அவர் உறவினர் போலத் தோன்றுகிறார். 1960-களில் ஸ்வீடன் நாட்டு எலும்பியல் அறிஞர் நாகெம்சன், மக்கள் ‘ஜவ்வு’ என வழங்கும் முள்ளெலும்பிடை வட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கையில் இருப்பதைவிட முன்குனிந்து அமர்கையில் அது மிகுதி எனக் கண்டார். சாய்மானமற்ற முக்காலியில் நாள் முழுதும் அவ்வாறு இருப்பவரை வாரம் ஒருமுறை மிதித்தோ சீராக்கியோ அனுப்பினால், மீண்டும் அம்முக்காலியில்தானே அமர்வார்?

2021-இல் தமிழகச் சட்டமன்றம், கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை அளிக்க வேண்டுமெனச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அவர்க்கு அமரும் உரிமை வேண்டியிருந்தது. தையற்காரர்க்கோ எழும் உரிமை வேண்டியிருக்கிறது. உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவர், எழுந்து நடக்கும் ஐந்து நிமிடத்திற்கும் தாமே விலை கொடுக்கிறார். எனவே உடற்பயிற்சி செய்க என உரைப்பது மட்டும் போதாது. உற்பத்தி செய்யும் முதலாளிமாரும், ஜமாஅத்திலும் ஊர்ச் சங்கங்களிலும் பொறுப்பிலுள்ள பெரியோரும், அரை மணிக்கு ஒருமுறை எழுவதையும் சாய்மானமுள்ள இருக்கையையும் கூலிப் பேச்சின் பகுதியாகக் கொள்ளல் வேண்டும். 2021 ஆகஸ்டு முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகிறது. அதை இங்குள்ளோர்க்கு எடுத்துச் சொல்ல நம் மாணவரைவிடத் தக்கவர் யார்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலையோரம் பெருக்குவதோடு, ஓர் அளவு நாடாவும் எடுத்துச் சென்று பொறியின் உயரத்தையும் முக்காலியின் உயரத்தையும் அளந்து வரலாம். நாடாவைப் பிடிக்கத் தையற்காரர் வீட்டுப் பிள்ளைகட்குக் கற்றுத்தரத் தேவையில்லை.

மாமா குணமடைந்து தொழிலுக்குத் திரும்பிய அன்று நாம் உடனிருந்தோம். மோட்டார் பொருத்திய பொறியின் மேசை அவர் உயரத்திற்கு மிகவும் தாழ்ந்திருந்தது அன்றுதான் கண்ணிற்பட்டது. கால் ஒன்றுக்கு ஒன்றாக நான்கு செங்கல் வைத்து உயர்த்தினோம். ஒரு சட்டைக் கையைத் தைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த கையை எடுத்தார். மறு வாரம் சென்றபோது அடுத்த வீட்டுப் பொறியின் கீழும் செங்கல் இருக்கக் கண்டோம்.