தெர்மக்கோல் எரிமலையும் மூன்று மண் புட்டிகளும்

சென்ற மாதம் என் பேத்திக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் கிடைத்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாலு மதிப்பெண் குறைந்ததற்கு ஒரு கிழவன் இவ்வளவு கோபப்பட வேண்டுமா என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பேத்தி ஏழாம் வகுப்பு. புவியியல் பாடத்தையொட்டி ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக யோசித்து ஒரு 'கிரியேட்டிவ் ப்ராஜெக்ட்' செய்து வர வேண்டும் என்று பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். நாங்கள் படித்த காலத்தில் கையால் செய்து பார்ப்பது என்ற பேச்சே கிடையாது.

"தாத்தா, எல்லாரும் எரிமலை செய்யறாங்க. நான் வேற ஏதாவது செய்யட்டுமா?" என்றாள். "செய்யேன்மா" என்றேன். இரண்டு பேரும் யோசித்து, ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவின் காரில் கிளம்பினோம். கடலோரத்தில் ஒரு பிடி மணல். குயிலாப்பாளையம் பக்கத்துச் செம்மண் மேட்டில் ஒரு பிடி. பாகூர் ஏரிக்கரை வண்டலில் ஒரு பிடி. மூன்று கண்ணாடிப் புட்டிகளில் தனித்தனியாகப் போட்டு, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வைத்தோம்.

கடல் மணல் கண் மூடித் திறப்பதற்குள் அடியில் உட்கார்ந்துவிட்டது. மேலே தண்ணீர் தெளிவு. செம்மண்ணில் பருமணல் முதலில் இறங்கியது. தண்ணீர் மட்டும் சாயங்காலம் வரை சிவந்தே கிடந்தது. பாகூர் மண்ணோ மறுநாள் காலையிலும் கலங்கலாகத்தான் இருந்தது. பேத்தி மணிக்கு ஒரு தரம் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதினாள். நடுவில் திடீரென்று கேட்டாள்: "தாத்தா, மழை பெஞ்சா பொம்மையார்பாளையம் பக்கம் கடல் சிவப்பா ஆகுமே, அது இந்த மண்ணா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வயதுக் குழந்தை மண்ணரிப்பு என்பதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். மேட்டிலிருந்து மண்ணை மழை அரித்து, ஓடைகள் வழியாகக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பல்லாயிரம் வருஷமாக நடக்கும் அந்தக் காரியம் ஒரு ஊறுகாய்ப் புட்டிக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கண்காட்சி அன்று நானும் போயிருந்தேன். மேசைகள் நிறைய எரிமலை. எண்ணினேன், பதினான்கு. அத்தனையும் தெர்மக்கோலில் செய்து, பிரவுன் பெயின்ட் அடித்து, அடியில் பச்சைப் புல்விரிப்பு ஒட்டியவை. பாதிக்கு மேல் ஒரே கடையில் வாங்கியவை என்பது பார்த்தாலே தெரிந்தது. வாயில் சமையல் சோடாவைப் போட்டு, சிவப்புச் சாயம் கலந்த வினிகரை ஊற்றினார்கள். நுரை பொங்கியது. பெற்றோர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். பத்துக்குப் பத்து.

என் பேத்தியின் புட்டிகளுக்கு ஆறு. "கருத்து நன்று, எடுப்பாக இல்லை" என்று சிவப்பு மையில் குறிப்பு. அவளுடைய நோட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவுமில்லை.

பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லத் தேவையுமில்லை. எந்தப் பள்ளியாக இருக்கும் என்று உங்களைக் கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வீர்கள்.

என் குற்றச்சாட்டு இதுதான். அந்த எரிமலை ஒன்றையுமே கற்றுத் தரவில்லை. சோடாவும் வினிகரும் சேர்ந்தால் கரியமில வாயு வருகிறது. அது சமையலறை ரசாயனம். நிஜ எரிமலையில் நடப்பது வேறு. பூமிக்கு அடியில் பாறை உருகிக் குழம்பாகிறது. அந்தக் குழம்பில் நீராவியும் மற்ற வாயுக்களும் கரைந்திருக்கின்றன. மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, வாயு பிரிந்து, பொங்கிக்கொண்டு வெளியே வருகிறது. கோலி சோடாவை உடைத்துக் காட்டியிருந்தால்கூட இதைவிடப் பொருத்தமாக இருந்திருக்கும். குண்டை அழுத்தியதும் அழுத்தம் குறைந்து நுரை சீறுகிறதே, அதுதான் சங்கதி. பதினான்கு பிள்ளைகளில் மூன்று பேரிடம் கேட்டேன், இந்தியாவில் எரிமலை எங்கே இருக்கிறது என்று. ஒருவருக்கும் அந்தமான் பக்கத்து பாரன் தீவு தெரியவில்லை. அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் சொல்லித் தந்தது பெயின்ட் அடிக்கத்தான். போதாக்குறைக்கு, மண்ணில் மக்காத தெர்மக்கோலை வைத்து மண்ணைப் பற்றிப் பாடம்! மறுநாள் அவை பள்ளியின் பின்பக்கக் குப்பையில் கிடந்ததைப் பேத்திதான் சொன்னாள்.

'அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிப் படித்தோம் தெரியுமா' என்று பீற்றிக்கொள்ளப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் கதை இதைவிட மோசம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954-இல் கொடி மாறிவிட்டது. பாடப் புத்தகம் மாறவில்லை. பிரான்சின் படத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். லுவார் நதி எங்கே பிறக்கிறது? மோன் ழெர்பியே தெ ழோன் மலையில். எவ்வளவு நீளம்? ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எந்தக் கடலில் சேர்கிறது? அட்லாண்டிக்கில். எரிமலையா? ஒவெர்ஞ் பகுதியின் அணைந்துபோன எரிமலைகளை வரிசையாக ஒப்பிப்பேன், புய் தெ தோம் உட்பட. ஒரு இடம் தப்பினால் மெத்ருவின் பிரம்பு விரல் முட்டியில் விழும்.

அதே சமயம் வில்லியனூர் பக்கம் என் ஆயா வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆறு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் அது வீட்டு வாசல் வரை வரும். ஆயா பாத்திரங்களைப் பரணில் ஏற்றுவாள். நான் அந்த வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டே லுவார் நதியின் கிளைகளை மனப்பாடம் செய்வேன்! சங்கராபரணி செஞ்சிக்கு மேற்கே மலையில் பிறந்து, திருவக்கரையை ஒட்டி ஓடி, வில்லியனூர் தாண்டிக் கடலுக்குப் போகிறது என்பதை, அரசு வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு கோப்பில் இருந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. வெட்கமாக இருந்தது.

அதனால்தான் இப்போது கோபம் வருகிறது. எங்களுக்கு அந்நியன் வைத்த பாடம், அவன் மண்ணைப் பற்றியது. அதற்காவது ஒரு காரணம் இருந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு நாமே வைக்கும் பாடத்தில் எந்த மண்ணும் இல்லை. எந்த ஊர் எரிமலை என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது.

நம் காலடியில் இல்லாததா? திருவக்கரைக்குப் பௌர்ணமி தோறும் வக்கிரகாளியைக் கும்பிட எத்தனை பேர் போகிறோம். அந்த ஊரிலேயே கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அசுரனின் எலும்பு என்று என் ஆயா சொல்வாள். உண்மையில், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலில் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் திசுக்களில் மெல்ல மெல்லப் படிந்து கல்லாகிவிட்டன. கிளையும் வேரும் இல்லாமல் வெறும் அடிமரங்களாகப் படுத்துக் கிடப்பதே ஆறு உருட்டிக்கொண்டு வந்ததற்குச் சாட்சி. சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-இலேயே இதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். நம்மில் பாதிப் பேர் கோயில் வாசலோடு திரும்பிவிடுகிறோம்.

வழுதாவூர் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் அம்மோனைட் என்ற சுருள் சங்கு போன்ற கடல் உயிரிகளின் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. டைனோசர் காலத்தவை. இன்று நெல் விளையும் இடம் அன்று கடலடி. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி புதுச்சேரிப் பகுதியின் இந்தப் படிவங்களைப் பற்றி 1846-இல் எழுதினார். லண்டனில் தெரிந்தது லாஸ்பேட்டையில் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் கடற்கரையே போதும். கூர் ஷப்ரோலில் நாம் மணலில் சடுகுடு ஆடிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மணல் எங்கே போயிற்று? நம் கரையோரமாக அலைகள் வருஷம் முழுக்க மணலைத் தள்ளிக்கொண்டு போகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். மணல் அதன் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே இருந்த ஊருக்கு வர வேண்டிய பங்கு வராமல் கரை கரைந்தது. அதன் பிறகுதான் பாறாங்கல்லாகக் கொட்டினோம். 2018-இல் கடலுக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றைப் போட்ட பின் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஒரு பெரிய தாம்பாளம், இரண்டு படி மணல், கொஞ்சம் தண்ணீர், குறுக்கே வைக்க ஒரு மரக்கட்டை இருந்தால் இதைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். செலவு பூஜ்யம். தெர்மக்கோல் எரிமலைக்கு என் பக்கத்து வீட்டுக்காரர் ஐநூறு ரூபாய் கொடுத்தார்.

மழையை அளக்கச் சொல்லுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி மொட்டை மாடியில் அன்று விழுந்தது ஏறத்தாழ 25,600 லிட்டர். பெரிய டேங்கர் லாரி இரண்டுக்கு மேல்! இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை தெருவில் ஏன் இடுப்பளவு தண்ணீர் நின்றது, ஏரியை ஏன் தூர்க்கக் கூடாது என்று கேட்காமல் விடுமா? ஒருவேளை அதனால்தான் நுரை எரிமலை எல்லாருக்கும் வசதியாக இருக்கிறதோ என்னவோ. அது யாரையும் கேள்வி கேட்காது.

ஆசிரியர்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம். "ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். வெளியே கூட்டிப்போக அனுமதி கிடைக்காது. ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? மேலே இருப்பவர்கள் போட்டோ கேட்கிறார்கள்" என்பார்கள். எல்லாம் நியாயம். முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கட்டம் நிரம்பியிருந்தால் வேலை முடிந்தது என்று நானே எத்தனையோ அறிக்கைகளை மேலே அனுப்பியிருக்கிறேன். போட்டோவில் விழுவதுதான் நடந்தது, மற்றது நடக்கவில்லை என்ற வியாதி எனக்குத் தெரியும். அது பள்ளிக்குள்ளும் வந்துவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் மதிப்பெண் போட பஸ் வேண்டாம், அனுமதி வேண்டாம். பிள்ளையின் நோட்டைத் திறந்தால் போதும். "இதைச் செய்யும்போது உனக்கு என்ன சந்தேகம் வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் சொல்லும் பிள்ளைக்குப் பத்து, கடையில் வாங்கி வந்த பிள்ளைக்கு மூன்று என்று ஒரே ஒரு வருஷம் போட்டுப் பாருங்கள். மறு வருஷம் அந்தக் கடையில் எரிமலை விற்காது.

நம் பங்கும் உண்டு. பென்ஷன் வாங்கும் நமக்கு நேரம்தானே சொத்து. மகனுக்கும் மருமகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்க நேரம். பேரப் பிள்ளைகளைத் திருவக்கரைக்குக் கூட்டிப்போவது நம் வேலை. அங்கே ஒரு கல்லையும் எடுத்து வராதீர்கள், அது குற்றம். பார்த்து, தொட்டு, கேட்கவிட்டு அழைத்து வாருங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். எங்கள் மெத்ரு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

மதிப்பெண் பற்றிப் பள்ளியில் போய்க் கேட்கட்டுமா என்று பேத்தியிடம் கேட்டேன். "வேண்டாம் தாத்தா, மிஸ் கோச்சுக்குவாங்க" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வருஷம் நானும் எரிமலையே செஞ்சிடறேன்" என்றாள்.

நாலு மதிப்பெண் போனதில் எனக்கு வருத்தமில்லை. இதைக் கேட்டதிலிருந்துதான் தூக்கம் வரவில்லை. புட்டிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் திருவக்கரைக்குக் கூட்டிப்போகிறேன்.