ரசிகர் பெயரால் ஒரு வியாபாரம்

கத்தாரில் 2022 உலகக் கோப்பை தொடங்கவிருந்த நாள்களில், தோஹா வீதிகளில் மேளதாளத்துடன் போன ஊர்வலங்களின் காணொளிகள் உலகெங்கும் பரவின. அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து ஜெர்சிகளை அணிந்திருந்தவர்களில் பலர் கேரளத்திலிருந்தும் தெற்காசியாவின் பிற பகுதிகளிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள். இவர்கள் காசுக்குக் கூட்டிவரப்பட்ட போலி ரசிகர்களா என்று ஐரோப்பிய ஊடகங்கள் சில கேட்டன. கோழிக்கோடு அருகே புல்லாவூரில் ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் கட்-அவுட் வைத்தவர்களை அறிந்த எவருக்கும் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. இதில் ஒரு முரணும் உண்டு. கத்தார் தன் செலவில் அழைத்துவந்த ரசிகர்களும் அந்த உலகக் கோப்பையில் இருந்தார்கள். அவர்களோ அந்தக் கோப்பையில் ஆடிய நாடுகளிலிருந்தே போனவர்கள்.

ரசிகரிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்கும் பழக்கம் கால்பந்தில் பழையது. லிவர்பூலில் பிறக்காதவருக்கு லிவர்பூல் மீது என்ன பாசம் என்பார்கள். பதிலுக்கு நாம், நள்ளிரவில் விழித்திருந்து பார்த்த ஆட்டங்களையும் அசல் ஜெர்சிக்குக் கொடுத்த விலையையும் சான்றாகக் காட்டுகிறோம். இரண்டு அளவுகோலும் பிசகானவை. ஒன்று, பிறந்த இடம் என்ற தற்செயலைத் தகுதியாக்குகிறது. மற்றொன்று, செலவைப் பற்று என்று நம்பவைக்கிறது. ஒரு கிளப் தவறான வழியில் போகும்போது அதன் ரசிகர் என்ன செய்கிறார் என்பதில்தான் உண்மையான சோதனை இருக்கிறது.

வாடிக்கையாளர் செய்யாதது

மளிகைக் கடையில் விலை ஏறினால் வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். கால்பந்து ரசிகரால் அது முடியாது. போட்டி கிளப்பான எவர்ட்டனில் டிக்கெட் மலிவு என்பதற்காக எந்த லிவர்பூல் ரசிகரும் கட்சி மாறமாட்டார். உரிமையாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். விலை ஏறிக்கொண்டே போவதற்கு அந்தத் தைரியமும் ஒரு காரணம். ஓடிப்போக இடமில்லாத ரசிகருக்கு மிஞ்சும் ஒரே ஆயுதம் எதிர்ப்பு.

2016 பிப்ரவரியில் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம் அதைக் காட்டியது. அடுத்த பருவத்துக்கு டிக்கெட் விலையை 77 பவுண்டுவரை உயர்த்தும் திட்டத்தைக் கண்டித்து, சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டனர்.

விம்பிள்டன் கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2002இல் அவர்களுடைய கிளப் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயர அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் பின்தொடரவில்லை. பொதுத் திடலில் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய கிளப்பைத் தொடங்கி, இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாம் அடுக்கில் ஆடவைத்தார்கள். 2011இல் அது ஃபுட்பால் லீக்குக்குள் ஏறியது. 2020இல் பழைய பிளவ் லேன் பகுதிக்கே புதிய மைதானத்துடன் திரும்பியது.

ஜெர்மனியில் ரசிகரின் கோபத்துக்கு விதியின் பலமும் உண்டு. அங்கே பெரும்பாலான தொழில்முறை கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருந்தாக வேண்டும். 2024 தொடக்கத்தில், லீக்கின் ஊடக வருவாயில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும் திட்டத்தை எதிர்த்து, ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் சாக்லேட் நாணயங்களையும் மைதானத்துக்குள் வீசி ஆட்டங்களை நிறுத்தினர். பிப்ரவரி 21 அன்று திட்டம் கைவிடப்பட்டது. உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிர்வாகங்களால் அந்த எதிர்ப்பைப் புறக்கணிக்க முடியவில்லை.

தொலைவில் இருப்பவரின் பங்கு

இதிலெல்லாம் சென்னையிலோ கொழும்பிலோ இருந்து தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. கால்பந்தைப் பிடுங்கி விற்கும் திட்டங்கள் பெரும்பாலும் நம் பெயரைச் சொல்லித்தான் வருகின்றன.

2021 ஏப்ரல் 18 அன்று 12 பெரிய கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக்கை அறிவித்தன. தோற்றாலும் தரமிறக்கப்படாத நிரந்தர இடம் நிறுவனர்களுக்கு உண்டு. இளைஞர்களின் ஆர்வம் குறைகிறது, உலகப் பார்வையாளர்களுக்குப் பெரிய ஆட்டங்கள் வேண்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம். இரண்டே நாளில் செல்சி ரசிகர்கள் தெருவை மறிக்க, ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. 2008இல் பிரீமியர் லீக் ஆட்டங்களை வெளிநாட்டில் கூடுதலாக நடத்தும் யோசனையும், 2025 டிசம்பரில் வில்லாரியல்-பார்சலோனா ஆட்டத்தை மயாமியில் நடத்தும் முயற்சியும் இதே நியாயத்தோடுதான் வந்தன. மயாமி ஆட்டத்தை எதிர்த்து ஸ்பெயின் வீரர்கள் ஆட்டத் தொடக்கத்தில் 15 விநாடிகள் அசையாமல் நின்றார்கள். அதுவும் கைவிடப்பட்டது.

ஆட்டம் நம் ஊருக்கே வந்தால் நமக்கு லாபம்தானே என்று தோன்றும். 2020 ஜூனில் காலி மைதானங்களில் பிரீமியர் லீக் மீண்டும் தொடங்கியதை நினைத்துப் பார்க்கலாம். ஒளிபரப்பாளர்கள் பதிவுசெய்த ஆரவாரத்தைப் பின்னணியில் சேர்க்க வேண்டியிருந்தது. வீரர்கள், பந்து, விதி எல்லாம் அப்படியே இருந்தும் ஆட்டம் உயிரற்றுக் கிடந்தது. நாம் சந்தா கட்டிப் பார்ப்பதில் பாதி, மழையில் நின்று பாடும் உள்ளூர்க்காரர் தருவது. அவரை வெளியே தள்ளும் எந்தத் திட்டமும் கடைசியில் நம்மையும் ஏமாற்றும். எனவே நம் பெயரில் அவரது ஆட்டத்தை எடுக்காதே என்று சொல்வது தொலைதூர ரசிகரின் முதல் கடமை.

விசுவாசத்தின் மறுபக்கம்

விசுவாசம் எப்போதும் நல்ல பக்கமே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2021 அக்டோபரில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் நியூகாசில் யுனைடெட்டின் 80% பங்கை வாங்கியது. மைதானத்துக்கு வெளியே கூடிக் கொண்டாடியவர்களில் சிலர் அரபு உடைகூட அணிந்திருந்தார்கள். முந்தைய உரிமையாளரின் 14 ஆண்டு அலட்சியத்தால் நொந்துபோனவர்களின் மகிழ்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், சவூதி அரசை நோக்கி எழுந்த, பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலை பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் சிலர் கிளப்புக்காகத் தாமே எடுத்துக்கொண்டார்கள். அங்கே ரசிகர், சம்பளம் வாங்காத விளம்பரக்காரராகிறார். இந்த விற்பனையை எதிர்த்த சிறு குழுவும் நியூகாசில் ரசிகர்களுக்குள்ளிருந்தே வந்தது. கிளப் மீதான பற்றில் அவர்களும் குறைந்தவர்கள் அல்லர்.

நம் மைதானம்

2018 ஜூன் முதல் நாள் மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு காணொளியில் ஐரோப்பிய கிளப் ரசிகர்களிடமே நேரடியாகப் பேசினார். எங்கள் தரம் அந்த உயரத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறோம், திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்பதே அதன் சாரம். அடுத்து கென்யாவுடன் நடந்த ஆட்டத்துக்கு டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. ஐரோப்பிய அணியைக் கைவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. நேரில் போய்ப் பார்க்கும் வாய்ப்புள்ள ஆட்டத்தையும் விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்டார்.

வியாசர்பாடி போன்ற கால்பந்துப் பகுதி உள்ள சென்னையில் இருப்பவருக்கு அந்த வேண்டுகோள் கூடுதலாகவே பொருந்தும். ஆனால், மைதானத்துக்குப் போவதோடு கடமை முடிவதில்லை. 2025இல் வணிக ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நடக்குமா என்பதே மாதக்கணக்கில் கேள்விக்குறியானது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, வணிகப் பங்குதாரர், கிளப் உரிமையாளர்கள், நீதிமன்றம் என்ற வட்டத்துக்குள்ளேயே விவகாரம் சுழன்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற பழைய சங்கங்களில் உறுப்பினர் மரபு உண்டு என்றாலும், ஐஎஸ்எல் அணிகளை நடத்துவது முதலீட்டாளர்களே. ரசிகருக்கு அங்கே வாக்கு இல்லை.

பிரிட்டன், சூப்பர் லீக் அதிர்ச்சிக்குப் பிறகு ரசிகர்களை முன்வைத்து ஆய்வு நடத்தி, 2025இல் சட்டம் இயற்றி, இங்கிலாந்துக் கால்பந்துக்குச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியது. கிளப்பின் பெயர், நிறம், மைதானம் போன்றவற்றை உரிமையாளர் நினைத்தபடி மாற்றிவிட முடியாது என்ற பாதுகாப்பு அதில் உண்டு. இந்திய லீக்கின் அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது, ஒவ்வொரு கிளப்பிலும் ரசிகர் பிரதிநிதிக்கு இடமும் கணக்குகளைக் கேட்கும் உரிமையும் வேண்டும் என்று இங்குள்ள ரசிகர் மன்றங்கள் இப்போதே கேட்க வேண்டும். யார் அசல், யார் போலி என்று நமக்குள் சண்டையிடும் நேரத்தில் இதைச் செய்யலாம்.